ஆமானுடைய பையில் கசகசா



எஸ்தரின் சரித்திரத்தை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு நாடகமாக நடத்தாத சபை நம்மில் அரிது. எஸ்தர் வேடத்திற்குப் பெண்பிள்ளைகள் போட்டியிடுவார்கள். ஆமான் வேடத்திற்கு ஒரு பையனைப் பிடித்து நிறுத்துவதற்குள் ஆசிரியைக்குப் போதும் போதுமென்றாகிவிடும். ஆனால் அதைத் தங்கள் சொந்த முற்பிதாக்களின் மீட்பாக ஆண்டுதோறும் நினைவுகூரும் யூத ஜனங்கள், பூரீம் பண்டிகையை எவ்விதமாய் ஆசரிக்கிறார்கள் என்பதை நாம் அதிகமாய்க் கவனிப்பதில்லை.

ஆதார் மாதம் 14-ஆம் தேதி, அதாவது நமக்குப் பிப்ரவரி அல்லது மார்ச் மாதத்தில், இப்பண்டிகை வருகிறது. எருசலேமில் மாத்திரம், சூசான் பட்டணத்து யூதரைப் போல, ஒரு நாள் பிந்தி 15-ஆம் தேதி. முந்தின நாள் உபவாசம். பண்டிகை தொடங்கும் இரவிலும் மறுநாள் பகலிலும் ஜெப ஆலயத்தில் எஸ்தரின் சுருள் முழுவதும் வாசிக்கப்படும். ஆமானுடைய பெயர் வரும்போதெல்லாம் பெரியவர்கள் தரையைக் காலால் உதைப்பார்கள். பிள்ளைகள் கிலுகிலுப்பைகளைச் சுழற்றுவார்கள். அந்தப் பெயரை இரைச்சலால் அழித்துவிட வேண்டுமாம். ஆராதனையில் இரைச்சல் நமக்கும் புதிதல்லவே!

அன்று பிள்ளைகள் ராஜாவாகவும் ராஜாத்தியாகவும், இக்காலத்தில் மனதிற்குத் தோன்றிய எதுவாகவும், வேடமணிந்து வருவார்கள். பெரியவர்களும் விலக்கல்ல. இவ்வழக்கத்திற்கு வேதத்தில் கட்டளை இல்லை. ஏறக்குறைய 500 ஆண்டுகளுக்கு முன் இத்தாலி தேசத்து யூதர் நடுவே, அந்நாட்டுக் கார்னிவல் விழாவின் சாயலில் இது பரவிற்று என்பர் சரித்திர ஆசிரியர். ஆயினும் யூதர் இதில் ஆழ்ந்த கருத்தொன்றைக் காண்கிறார்கள். எபிரெய எஸ்தர் புத்தகத்தில் தேவனுடைய நாமம் ஓரிடத்திலும் இல்லை; அவர் திரைக்குப் பின்னே மறைந்திருந்து கிரியை செய்கிறார். எஸ்தரும் தன் ஜனம் இன்னதென்பதை மறைத்தே அரமனையில் வாழ்ந்தாள். பிழைப்பைத் தேடி வந்த பட்டணத்தில், பேருந்தில் தாய்மொழியைத் தாழ்ந்த குரலில் பேசப் பழகின வாசகருக்கு அந்த மௌனத்தின் பாரம் விளங்கும்.

பண்டிகைப் பலகாரம் மூன்று மூலையுள்ள பிஸ்கட். இனிப்பு மாவை வட்டமாக வெட்டி, நடுவே தேனும் கசகசாவும் சேர்ந்த பூரணத்தை வைத்து, ஓரங்களை மூன்று பக்கமும் மடித்துக் கிள்ளிச் சுடுவார்கள். கிழக்கு ஐரோப்பிய யூதரின் இத்திஷ் மொழியில் இதன் பெயருக்கு ஆமானுடைய பைகள் என்று பொருள். இஸ்ரவேலில் ஆமானுடைய காதுகள் என்கிறார்கள். ஆமான் மூன்று மூலைத் தொப்பி அணிந்தான் என்பது பிற்காலக் கதையே. ஒரு ஜனத்தையே விழுங்க நினைத்தவனைப் பிள்ளைகள் கடித்துத் தின்கிறார்கள்!

மும்பையில் வசிக்கும் வாசகர் அறியத்தக்க செய்தி ஒன்று. கொங்கண் கரையோரத்தில் பல தலைமுறைகளாகக் குடியிருந்து, மராத்தி பேசி, 1796-இல் அந்நகரத்தில் ஜெப ஆலயம் கட்டிய பெனே இஸ்ரவேலர், பூரீமை 'ஹோலிச்சா சண்' என்றே அழைத்துவந்தார்கள். ஹோலியை ஒட்டியே அது வருவதால் ஏற்பட்ட பெயர் அது.

இவ்வளவு ஆரவாரத்தின் நடுவே மொர்தெகாய் எழுதிவைத்த கடமை மறக்கப்படவில்லை. குறைந்தபட்சம் ஒருவருக்காவது இரண்டு வகைத் தின்பண்டம் அனுப்ப வேண்டும். எளியவர் இருவருக்காவது ஈய வேண்டும். தர்மத்தினால் பிழைக்கிறவனும் இதற்கு விலக்கல்ல. விருந்தையும் நண்பருக்கு அனுப்பும் வரிசையையும் பெருக்குவதைவிட ஏழைக்குக் கொடுப்பதைப் பெருக்குவதே மேல் என்று 12-ஆம் நூற்றாண்டின் யூத ஞானி மைமோனிடிஸ் விதித்தார். நம்முடைய கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டோ, எதிர்த் தட்டு வரும் வீடுகளுக்கே பெரும்பாலும் போகிறது; என் வீட்டுத் தட்டையும் சேர்த்தே சொல்லுகிறேன். பூரீம் நாளில் கை நீட்டுகிறவன் மெய்யாகவே ஏழையா என்று விசாரிக்கலாகாது என்பது அவர்கள் பிரமாணம். கை நீட்டினால் கொடுக்க வேண்டியதுதான்.