பால் ஒவ்வாத பிள்ளைக்கும் ஒரு கிண்ணம்



மும்பையிலிருந்து ஒரு சகோதரி எழுதிக் கேட்டிருக்கிறார். அவருடைய 6 வயது மகனுக்குப் பசும்பால் ஒவ்வாது. பால், தயிர், நெய், பனீர் ஒன்றும் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாய்ச் சொல்லியிருக்கிறார். சோயா அவனுக்கு ஒத்துக்கொள்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்தபின் யாராவது ஒருவருடைய பிறந்தநாளுக்காகச் சாக்லேட் கேக் வெட்டப்படுகிறது. மற்றப் பிள்ளைகள் காகிதத் தட்டை நீட்டும்போது இவன் மாத்திரம் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஒற்றை அறை வீட்டில், கேக் அடுப்பு இல்லாமல், பால் சேராத சாக்லேட் இனிப்பு ஏதேனும் செய்ய இயலுமா என்பது அவருடைய கேள்வி.

இயலும். டோஃபுவைக் கொண்டு செய்யலாம். செய்முறையைப் பின்னால் எழுதுகிறேன். அதற்கு முன் சபையாருக்குச் சில காரியங்களைச் சொல்லவேண்டியிருக்கிறது.

பால் ஒவ்வாமை வேறு, பால் செரியாமை வேறு. பாலில் இருக்கும் லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்கவைக்கும் நொதி குறைந்தவர்களுக்கு வயிறு உப்பும், வயிற்றோட்டம் உண்டாகும். தென்னிந்தியரில் வயதுவந்தோர் பலருக்கு இது உண்டு. தொல்லைதான், ஆனாலும் உயிருக்கு ஆபத்தில்லை. ஒவ்வாமை அப்படிப்பட்டதல்ல. பாலிலுள்ள புரதத்தை உடலின் எதிர்ப்புச் சக்தி பகையாக எண்ணிப் போராடுகிறது. தோல் தடிக்கும், உதடு வீங்கும், சிலருக்கு மூச்சே அடைக்கும். ஒரு கரண்டி நெய் போதும். "கொஞ்சம் கொடுத்துப் பழக்கினால் சரியாகிவிடும்" என்று பாட்டிமார் சொல்வதும், "ஜெபம்பண்ணிவிட்டுக் கொடுங்கள், ஒன்றும் ஆகாது" என்று சில விசுவாசிகள் சொல்வதும் அன்பினால் சொல்லப்படுகிறவைதாம். ஆயினும் ஒரு பிள்ளையின் மூச்சை வைத்து விசுவாசத்தைச் சோதித்துப்பார்க்க நமக்கு உரிமையில்லை. மருத்துவர் கூடாது என்றால் கூடாது. தப்பித்தவறிச் சாப்பிட்டு உதடு வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள், வழியில் ஜெபித்துக்கொள்ளலாம்.

இனி டோஃபுவுக்கு வருவோம். பெயர் புதிதாய் இருக்கிறதே என்று கலங்கவேண்டாம். வடநாட்டுக் கடைகளில் இதைச் 'சோயா பனீர்' என்று விற்கிறார்கள். நம் வீடுகளில் குருமாவில் போடுகிற மீல் மேக்கர், எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் சோயா மாவிலிருந்து வருகிறது. டோஃபுவோ முழுச் சோயாவை அரைத்துப் பிழிந்த பாலைக் காய்ச்சித் திரையவைத்துச் செய்வது. சீனதேசத்தில் பிறந்த பண்டம். ஹான் வம்சத்து இளவரசர் லியூ ஆன் கண்டுபிடித்ததாக அவர்களுடைய மரபு கூறுகிறது. நமது நாட்டில் சோயா மிகுதியாய் விளைவது மத்தியப்பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும். ஆகையால் இந்தூரிலோ நாக்பூரிலோ குடியிருக்கும் நம்மவர்களுக்கு இது உள்ளூர் விளைச்சல்தான்.

கடையில் இரண்டு வகை கிடைக்கும். பனீரைப்போல் அழுத்திக் கட்டியாக்கிய வகை ஒன்று. கெட்டித் தயிரைப்போல் வழவழப்பாக, பெட்டியில் அடைத்து வரும் 'சில்கன்' வகை மற்றொன்று. நம்முடைய இனிப்புக்கு இரண்டாவதே உத்தமம். அது பெரிய கடைகளில் மாத்திரம் கிடைக்கும், விலையும் அதிகம். கிடைக்காவிட்டால் கட்டி வகையையே கொதிநீரில் 2 நிமிடம் போட்டெடுத்து, சோயா பால் சற்று விட்டு அரைத்துக்கொள்ளலாம். அந்தக் கொதிநீர்க் குளிப்பால் பச்சை வாசனையும் போய்விடும்.

வீட்டிலேயே செய்கிறவர்கள் 200 கிராம் சோயாவை இரவு முழுவதும் ஊறவையுங்கள். காலையில் தோலைப் பிசைந்து நீக்கி, கொதிக்கும் வெந்நீர் விட்டு அரையுங்கள். தண்ணீர் சுடச்சுட இருப்பது முக்கியம். சோயாவுக்குள் இருக்கும் ஒரு நொதிதான் அரைக்கும்போது அந்தப் பச்சை வாசனையை எழுப்புகிறது. சூடு பட்டால் அது அடங்கிவிடும். மிக்ஸி மூடியை அழுத்திப் பிடிக்காமல், ஆவி வெளியேற இடம்விட்டுக் கொஞ்சங்கொஞ்சமாய் அரையுங்கள். மெல்லிய துணியில் வடிகட்டி, அந்தப் பாலை அடி கனத்த பாத்திரத்தில் 10 நிமிடமாவது நன்றாய்க் கொதிக்கவிடவேண்டும். பச்சைச் சோயாவில் புரதம் செரிக்கவிடாமல் தடுக்கும் பொருள் ஒன்று உண்டு, அது கொதியில்தான் கெடும். முதல் நுரை எழும்பியதைக் கொதி என்று எண்ணி இறக்கிவிடாதீர்கள். சோயா பால் பசும்பாலைவிட வேகமாய்ப் பொங்கும், பக்கத்திலேயே நில்லுங்கள். பின்பு அடுப்பை அணைத்து, 2 நிமிடம் ஆறவிட்டு, எலுமிச்சைச் சாற்றை வெந்நீரில் கலந்து சிறிது சிறிதாக விடுங்கள். திரைந்து தெளிநீர் பிரிந்ததும் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். பாரம் வைக்கவேண்டாம், நமக்கு மிருதுவாகவே வேண்டும்.

பால் குடியாத பிள்ளைகளின் பெற்றோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கடை டோஃபுவில் சிலவற்றைக் கால்சியம் சல்ஃபேட் என்ற உப்பினால் திரையவைக்கிறார்கள். அட்டையில் அந்தப் பெயர் இருந்தால் அதிலிருந்து பிள்ளைக்குக் கால்சியமும் கிடைக்கும். எலுமிச்சையால் திரைந்த வீட்டு டோஃபுவில் அது அவ்வளவாய் இராது. அந்தக் குறையைக் கேழ்வரகும் எள்ளும் கீரையும் கொண்டு நிரப்புங்கள்.

அடுத்தது சாக்லேட். தவறு நேருவது பெரும்பாலும் இங்கேதான். கேக் சாமான் கடைகளில் கட்டி கட்டியாய் மலிவாகக் கிடைக்கும் 'காம்பவுண்ட்' கறுப்பாய் இருப்பதால் பால் இல்லாதது என்று பலரும் நினைக்கிறார்கள். அதில் கோக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பும், ஏராளமான சர்க்கரையும், பலவற்றில் பால் பொருளும் உண்டு. நல்ல டார்க் சாக்லேட்டையும் கண்ணைமூடி நம்பக்கூடாது. 2015ஆம் ஆண்டு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், சேர்மானப் பட்டியலில் பாலைக் குறிப்பிடாத 88 டார்க் சாக்லேட்டுகளைச் சோதித்தபோது அவற்றில் 51இல் பால் இருந்தது. பால் சாக்லேட் ஓடிய அதே இயந்திரத்தில் இதுவும் ஓடுவதே பெரும்பாலும் காரணம். நமது நாட்டில் பச்சைப் புள்ளி சைவம் என்பதை மாத்திரமே காட்டும், பால் இல்லை என்று காட்டாது. பால், சோயா முதலிய ஒவ்வாமைப் பொருள்களைத் தனியே அறிவிக்கவேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் விதி. 2022இல் வீகன் உணவுக்கென்றே தனி விதியும் முத்திரையும் வந்தன. அட்டையின் பின்புறத்துச் சிறிய எழுத்தை ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள்.

'வீகன்' என்றால் ஏதோ புது மார்க்கம் போலிருக்கிறதே என்று சிலர் தயங்கக்கூடும். 1944இல் இங்கிலாந்தில் உண்டான சொல் அது. பாலும் முட்டையும் தேனும் உட்பட, விலங்கிலிருந்து வரும் எதையும் கொள்ளாதவர்களைக் குறிக்கும். அவர்களுடைய கொள்கை எதுவாயினும், அந்த முத்திரை நம் பிள்ளைக்கு உதவுமானால் உபயோகித்துக்கொள்வோம். உபவாச நாட்களுக்கு ஏற்றதோ என்று கேட்கிறவர்களும் இருப்பார்கள். இனிப்புப் பண்டத்தை உபவாசத்தில் சேர்க்க நான் வழி சொல்லமாட்டேன்.

சாக்லேட் கட்டிக்குப் பதிலாக இனிப்பில்லாத கோக்கோ தூளை உபயோகிப்பதே நல்லது, செலவும் குறைவு. பாலில் கலந்து குடிக்க விற்கப்படும் சாக்லேட் தூள் இதுவல்ல. அதில் பாதிக்குமேல் சர்க்கரையாயிருக்கும், மால்ட் கலந்தவற்றில் பாலும் சேரும். அட்டையில் கோக்கோ என்பதைத் தவிர வேறு சேர்மானம் அதிகம் இராத தூளாகப் பார்த்து வாங்குங்கள். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோக்கோ விளைகிறது. ஊருக்குப் போகிறவர்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

6 சிறு கிண்ணங்களுக்கு வேண்டியவை: மிருதுவான டோஃபு 300 கிராம், கோக்கோ தூள் 5 மேசைக்கரண்டி, கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 100 கிராம், கெட்டித் தேங்காய்ப்பால் கால் கோப்பை, ஒரு சிட்டிகை உப்பு, 2 ஏலக்காய். உப்பை விட்டுவிடாதீர்கள், கோக்கோவின் கசப்பை அதுவே சமன்படுத்தும்.

பேரீச்சம்பழத்தை அரைக் கோப்பை வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, அந்த நீரோடே விழுதாய் அரைத்துக்கொள்ளுங்கள். கோக்கோவைத் தனியே 4 மேசைக்கரண்டி கொதிநீரில் கட்டியின்றிக் குழையுங்கள். வெந்நீரில் குழைத்தால்தான் அதன் மணம் விரியும். உலர்ந்த தூளை அப்படியே மிக்ஸியில் கொட்டினால் மாவு ருசி நிற்கும். டோஃபுவின் நீரை வடித்துவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாய் இட்டு 3 நிமிடம் அரையுங்கள், நடுவில் இரண்டுமுறை ஓரங்களை வழித்துவிடுங்கள். விரலில் தொட்டுப் பார்த்தால் மணல்போல் நெருடக்கூடாது. நெருடினால் இன்னும் அரையுங்கள், டோஃபு அரைபட அரைபடத்தான் வெண்ணெய்ப் பதத்துக்கு வரும். ருசி பார்க்கையில் இனிப்பு ஒரு படி தூக்கலாய்த் தெரியவேண்டும். குளிர்ந்தபின் நாக்குக்கு இனிப்புக் குறைவாகவே தெரியும். கிண்ணங்களில் ஊற்றி 4 மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். மேலே மாதுளை முத்து தூவினால் பிள்ளைகள் விரும்புவார்கள். சபைக்குக் கொண்டுபோகிறவர்கள் பனிக்கட்டி வைத்த டப்பாவில் கொண்டுபோகவேண்டும். மும்பை வெயிலில் டோஃபு சீக்கிரம் புளிக்கும். ஃபிரிட்ஜிலும் 2 நாளைக்கு மேல் வைக்கவேண்டாம்.

சர்க்கரை வியாதியுள்ள பெரியவர்கள், "சர்க்கரையே போடவில்லையே, எனக்கும் இரண்டு கிண்ணம்" என்று கேட்பார்கள். பேரீச்சம்பழத்திலும் சர்க்கரைதான் இருக்கிறது. மேற்சொன்ன அளவில் ஒரு கிண்ணத்துக்கு ஏறத்தாழ 11 கிராம் வரும். கருப்பட்டி போட்டாலும் வெல்லம் போட்டாலும் கணக்கு பெரிதாய் மாறாது. கிண்ணத்துக்கு 4 கிராமுக்குச் சற்று மேலான புரதம் கிடைக்கிறது, கேக்கின் மைதாவும் கிரீமும் இல்லை, அவ்வளவே ஆதாயம். அவர்களுக்குப் பாதிக் கிண்ணம் போதும், அதையும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும். தைராய்டு மாத்திரை உட்கொள்பவர்கள் சோயாவை மாத்திரையோடு ஒட்டிச் சாப்பிடவேண்டாம். மருந்து உடலில் சேர்வதை அது குறைக்கும். சில மணி நேர இடைவெளி இருக்கட்டும்.

சோயாவும் சிலருக்கு ஒவ்வாது. பசும்பால் ஒவ்வாத குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குச் சோயாவும் ஆகாது. சகோதரியின் மகனுக்கு ஒத்துக்கொள்கிறது என்பதற்காக, இதைப் படிக்கும் வேறொரு தாய் மருத்துவரைக் கேளாமல் கொடுத்துவிடக்கூடாது. சபையில் பரிமாறும்போது, கேக் வெட்டிய கத்தியும் கரண்டியும் இந்தக் கிண்ணத்தில் படாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அவனுடைய பங்கை முதலில், கேக் பெட்டியைத் திறக்குமுன்னே எடுத்துக் கொடுத்துவிடுங்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒவ்வொரு கிண்ணம் போதுமான அளவு செய்தால் இன்னும் நல்லது. அவனுக்கு மாத்திரம் தனிப்பண்டம் என்றால் அதுவும் ஒருவகையில் ஒதுக்கிவைப்பதாகவே ஆகிவிடும்.

வீட்டில் டோஃபு செய்கிறவர்களுக்குச் சோயாச் சக்கை மிஞ்சும். அதை எறியவேண்டாம். அடை மாவில் இரண்டு கைப்பிடி கலந்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்து போட்டு, சிறு தீயில் மூடிவைத்து நன்றாய் வேகும்படி சுட்டெடுங்கள். சப்பாத்தி மாவிலும் பிசையலாம். சக்கை ஈரமாயிருப்பதால் அன்றைக்கே தீர்த்துவிடவேண்டும்.