பசியில்லாத வயிறு!

புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்று பெருமை பேசுகிற நாடு இது. புல்லைத் தின்று வாழும் பிராணியைப் பற்றிப் பேசுவார் யார்? மன்னார் வளைகுடாவிலே அப்படி ஒன்று உண்டு, தோழர்களே! ஆவுளியா என்பார்கள் கடலோடிகள். கடற்பசு என்று எழுதுவார்கள் படித்தவர்கள். கொம்பில்லை, குளம்பில்லை, மேய்ச்சல் மட்டும் உண்டு. மயிரடர்ந்த தடித்த மூஞ்சியைக் கடலடியிலே பதித்து, கடற்புல்லை வேரோடு பிடுங்கித் தின்னும். நாளொன்றுக்கு 30, 40 கிலோ! சில நிமிடத்துக்கு ஒரு முறை மேலே வந்து மூச்சு வாங்கும், மறுபடி முழுகும். அது மேய்ந்து சென்ற இடம் ஒற்றையடிப் பாதை போலத் தெரியும். சில மாதங்களில் இருபுறத்துப் புல்லும் படர்ந்து அந்தப் பாதையை மூடிவிடும். வேரோடு பிடுங்கியும் வயல் அழிவதில்லையே, ஏன்? வயிறு நிறைந்ததும் அது வேறிடம் போய்விடுகிறது.

கடலடியிலே ஒவ்வொன்றுக்கும் ஒரு பசி, ஒவ்வொரு பசிக்கும் ஒரு வழி. தூத்துக்குடியிலிருந்து வங்காளத்து வளையல் பட்டறைக்குக் கப்பலேறிப் போயிற்றே சங்கு, அது சைவம் என்று நினைத்து விடாதீர்கள்! பூசை அறையிலே புனிதப் பொருளாக இருக்கிற அந்தச் சங்கு, உயிரோடிருந்த நாளெல்லாம் மணலிலே ஊர்ந்து, புழுவின் வளையைத் தேடி, உள்ளே துதிக்கையை நீட்டித் தின்று வளர்ந்தது.

முத்துச்சிப்பி தேடிப் போவதில்லை. இருந்த இடத்திலே உண்ணும். குஞ்சாக இருக்கும்போது சுமார் மூன்று வாரம் நீரோட்டத்தோடு மிதந்து வரும். பிறகு எட்டு பத்து பாகம் ஆழத்திலே, பாரின் மீது இழை நூற்று ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு தண்ணீர் கொண்டு வந்து கொடுத்ததுதான் சோறு. வாயைத் திறந்து வைத்து, கண்ணுக்குத் தெரியாத நுண்பாசியை வடிகட்டி உண்ணும். தெளிந்த தண்ணீர் வந்தால் வாழ்வு. சேறு வந்தால் சாவு. நட்சத்திர மீன் அதன் மேல் கவிந்து ஓட்டைப் பிளக்கும். கிளாத்தி கொறிக்கும். திருக்கை நொறுக்கும். எத்தனை எதிரிகள் பாருங்கள்! அத்தனை எதிரிகளும் தின்ற பிறகும், பல ஆண்டுகள் பொய்த்த பார் மீண்டும் நிறைந்திருக்கிறது. நெடுங்காலம் பொய்த்துக் கிடந்து, 1955இலே மீண்டும் முத்துக்குளிப்பு நடந்தது. 1961 வரை நடந்தது. அதோடு சரி! தலைமுறைகள் இரண்டு கடந்துவிட்டன. முத்துக்குளிப்புக்கு அழைப்பு வரவில்லை. 1973இலே தூத்துக்குடி ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் கரு வைத்து முத்து விளைவித்துக் காட்டினார்கள், பாராட்டுகிறோம். பார் என்னவாயிற்று?

காரணம் ஒன்று என்று நான் அடித்துப் பேசவில்லை. பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காக வெட்டி விற்றார்கள். ஊர்க் கழிவைக் கடலிலே விட்டார்கள். ஆனால் இன்றைக்கும், கண் முன்னாலே, ஓயாமல் நடக்கும் ஒன்றைப் பற்றிப் பேசியாக வேண்டும். அதுதான் விசைப்படகு இழுக்கிற மடி.

அடிக்கயிற்றிலே கனம், இருபுறம் பலகை, பின்னாலே பை. அது கடலடியை வாரிக்கொண்டு வரும். இறாலைத் தேடிப் போட்ட மடி, புல்லையும் வாரும், சங்குக் குஞ்சையும் வாரும், விரல் நீள மீனையும் வாரும். கிளறிய சேறு சிப்பியின் வாயிலே போய் விழும். மேலே வந்ததும் இறால் ஒரு பக்கம், மற்றதெல்லாம் சங்காயம்! சங்காயத்தை மனிதன் தின்பதில்லை. அது காய்ந்து, அரைபட்டு, கோழித் தீவனமாகிறது; பண்ணை இறாலுக்குத் தீனியாகிறது. அந்த இறால் மீண்டும் ஏற்றுமதியாகிறது. திருக்கைக்கு வயிறு நிறைந்தால் போதும். ஆவுளியாவுக்கு 40 கிலோ போதும். மடிக்கு எது போதும்? பசியே இல்லாத வயிற்றை எதைக் கொண்டு நிரப்புவது?

விசைப்படகிலே பங்குக்கு ஏறுகிற தோழனை நான் குற்றவாளிக் கூண்டிலே நிறுத்தவில்லை. டீசல் விலை ஏற, மீன் குறைய, முதல் போட்டவனின் கடன் கழுத்தை நெரிக்க, சங்காயத்தையும் விட்டுவிட முடியாத நிலையிலே அவன் நிற்கிறான். திரேஸ்புரத்து வல்லக்காரனும் அவனும் ஒரே கரையின் பிள்ளைகள். சங்கு குளிப்பவன் இறங்கி, குஞ்சு பொறுக்காமல் வந்த இடத்தை, மறுநாள் மடி சுரண்டிப் போனால் இருவருக்குமே பட்டினி.

சட்டம் இல்லையா? இருக்கிறது! கரையோர நீர் நாட்டுப்படகுக்கு, அதற்கப்பால் விசைப்படகுக்கு என்று 1983இலேயே தமிழகம் சட்டம் செய்தது. 1986இலே இந்த வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவாயின. ஆனால் இருட்டிய பிறகு மடி கரையோரம் வருகிறது, வலையை அறுக்கிறது என்பது வல்லக்காரர்கள் பல்லாண்டாகச் சொல்லும் புகார்.

இங்கே ஒரு பழங்கதை நினைவுக்கு வருகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலே வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்தான்: முத்துக் குளிப்பவரைச் சுறா தீண்டாதபடி மந்திரத்தால் கட்டுவதற்குப் பார்ப்பனர் இருந்தனராம், கூலி, கிடைத்ததில் இருபதில் ஒரு பங்கு! ஆங்கிலேயன் காலத்திலும் ‘கடல்கட்டி’ சிப்பியிலே பங்கு பெற்றான். பலர் ஒரே நேரத்தில் குதித்துக் கலக்கி இரைச்சலிடும் இடத்துக்கு, கடல் நிறைய மீன் இருக்கும்போது சுறா ஏன் வரவேண்டும்? அது போகட்டும். போலோ சொன்ன இன்னொன்றுதான் வேடிக்கை. பகலிலே போட்ட கட்டை மாலையிலே அவிழ்த்துவிடுவார்களாம்! 1983ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படித்தானோ? பகலிலே கட்டு, இரவிலே அவிழ்ப்பு!

2022 செப்டம்பரிலே, பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கென்று ஒதுக்கினார்கள். நல்ல காரியம். காரைச்சல்லித் தீவு, 1969இலே சுமார் 20 ஹெக்டேர், 2024இலே சுமார் 3 ஹெக்டேராகக் கரைந்துவிட்டது. அதைக் காக்கச் செயற்கைப் பாறை இறக்கும் திட்டமும் வந்திருக்கிறது. இறக்கட்டும். புல்லை நடட்டும். நட்ட புல்லின் மேல் மடி ஏறாமல் யார் பார்த்துக்கொள்வது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. மீதி 304 நாளுக்கு யார் காவல்?

படகு எங்கே நிற்கிறது என்று காட்டும் கருவிகள் விசைப்படகுகளிலே பொருத்தப்பட்டு வருகின்றன. அந்தக் கருவி சொல்லும் கணக்கு அலுவலகப் பெட்டிக்குள்ளே உறங்கவேண்டாம். ஒவ்வொரு நாளும் காலையிலே மீன்பிடித் துறைமுக வாயிலிலே தமிழில் எழுதி ஒட்டட்டும். நள்ளிரவு 2 மணிக்கு எந்தப் படகு எத்தனை பாகத்திலே நின்றது என்பதை, திரேஸ்புரத்து வல்லக்காரனும் விசைப்படகுத் தோழனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று படித்துப் பார்க்கட்டும்.