நிலம் மூழ்கினால் நாடும் மறைந்துவிடுமா?

பசிபிக் பெருங்கடலில் துவாலு என்னும் சிறிய நாடு உள்ளது. ஒன்பது தீவுகள், மொத்தம் 26 சதுர கிலோமீட்டர் நிலம், ஏறத்தாழ 11,000 மக்கள். 1978ஆம் ஆண்டு பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்று, 2000ஆம் ஆண்டு ஐ.நா. அவையில் உறுப்பினரான நாடு இது. அதன் மிக உயரமான இடமே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஐந்து மீட்டர்தான். கடல் உயர்ந்துகொண்டே வரும் இந்நாள்களில், அம்மக்களின் முன் நிற்கும் கேள்வி இதுதான்: நிலம் போய்விட்டால், நாங்கள் ஒரு நாடாக இருப்போமா?

இது கற்பனைக் கேள்வி அன்று. 1901க்கும் 2018க்கும் இடையே உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. அந்த உயர்வின் வேகமும் கூடிவருகிறது. ஒரு தீவு முழுவதும் மூழ்குவதற்கு நெடுங்காலம் முன்பே அது வாழத் தகாததாகிவிடும் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. உப்புநீர் நிலத்தடியில் புகுந்தால் குடிநீர் கெடும். துவாலு மக்கள் குழி தோண்டிப் பயிரிடும் 'புலாகா' என்னும் சேம்பு வகைக் கிழங்கு அழுகும். வீடு நிற்கும்போதே வாழ்வு போய்விடும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1933ஆம் ஆண்டின் மான்டிவிடியோ உடன்படிக்கை, ஒரு நாட்டுக்கு நான்கு கூறுகள் வேண்டும் என்கிறது: நிலையான மக்கள், வரையறுக்கப்பட்ட நிலம், அரசு, பிற நாடுகளோடு உறவு கொள்ளும் திறன். இதை எழுதியவர்கள் ஒரு நாட்டின் நிலத்தைக் கடல் விழுங்கும் என்று எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள். போரிலோ படையெடுப்பிலோ நிலம் பறிபோகலாம். ஆனால் அந்த நிலம் அங்கேயேதான் இருக்கும்.

இதில் கடலும் அடங்கியிருக்கிறது. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்டத்தின்படி, கரையிலிருந்து 200 கடல் மைல் வரையுள்ள மீன்வளம் அந்த நாட்டுக்கே உரியது. துவாலுவுக்கு இவ்வாறு ஏழு இலட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல் இருக்கிறது. அங்கே சூரை மீன் பிடிக்க வெளிநாட்டுக் கப்பல்கள் செலுத்தும் உரிமக் கட்டணம் அரசின் முக்கிய வருவாய்களுள் ஒன்று. கரை மறைந்தால் இக்கடலும் கைவிட்டுப் போகுமோ என்பதே அச்சம்.

தீவு நாடுகள் கைகட்டி நிற்கவில்லை. கடல் உயர்ந்தாலும் தங்கள் கடல் எல்லைகள் குறையா என்று பசிபிக் தீவுகள் மன்றம் 2021இல் அறிவித்தது. நிலத்தை இழந்தாலும் தன் நாட்டுரிமை என்றென்றும் தொடரும் என 2023இல் துவாலு தன் அரசியலமைப்பிலேயே எழுதிக்கொண்டது. வனுவாட்டு நாட்டின் முயற்சியால் அனைத்துலக நீதிமன்றத்துக்குச் சென்ற வழக்கில், 2025 ஜூலை 23 அன்று ஆலோசனைக் கருத்து வந்தது. நிறுவப்பட்ட ஒரு நாடு அதன் கூறுகளுள் ஒன்றை இழப்பதாலேயே நாடு என்னும் தகுதியை இழந்துவிட வேண்டியதில்லை என்று அது கூறியது.

இதற்கு முன்னோடி உண்டா? நம் திரு அவையின் வரலாற்றிலேயே ஒன்று உள்ளது. 1870இல் இத்தாலியப் படை உரோமைக் கைப்பற்றியபின், 1929ஆம் ஆண்டின் இலாத்தரன் உடன்படிக்கை வரை, 59 ஆண்டுகள் திருப்பீடத்துக்கென்று ஆளும் நிலம் இல்லை. ஆயினும் நாடுகள் அதற்குத் தூதர்களை அனுப்பின. அதனோடு உடன்படிக்கைகள் செய்தன. நிலமின்றியும் அனைத்துலக அரங்கில் நிலைக்க முடியும் என்பதற்கு இது சான்று. ஆனால் ஒப்புமையை மிகைப்படுத்தவும் கூடாது. திருப்பீடத்தின் தகுதி உரோமையில் குடியிருந்த மக்களை நம்பியிருக்கவில்லை. துவாலுவோ, ஒரு மொழி பேசி, ஒரே கரையில் வலை வீசி, முன்னோரை அடக்கம் செய்த மண்ணில் வாழும் மக்களினம். கொடியையும் ஐ.நா. இருக்கையையும் காப்பாற்றினால் மட்டும் அம்மக்கள் காப்பாற்றப்பட்டவர்கள் ஆவார்களா?

இங்கேதான் ஃபலேபிலி உடன்படிக்கை நம் கவனத்துக்கு உரியது. ஆஸ்திரேலியாவும் துவாலுவும் 2023இல் கையெழுத்திட்ட இது, 2024இல் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 280 துவாலு மக்கள் ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாக வாழவும், படிக்கவும், வேலை செய்யவும் உரிமை பெறுகின்றனர். துவாலுவின் நாட்டுரிமை தொடரும் என்பதையும் ஆஸ்திரேலியா ஏற்கிறது. இவை பெரிய நன்மைகள். ஆனால் வேறு நாடுகளோடு பாதுகாப்பு ஏற்பாடு செய்ய ஆஸ்திரேலியாவின் இசைவு வேண்டும். அதாவது, இறையாண்மையைக் காக்கும் உடன்படிக்கையே அதில் ஒரு பகுதியைக் கேட்கிறது. 2025இல் நடந்த முதல் குலுக்கலுக்கு, குடும்பத்தாரையும் சேர்த்து, 8,000க்கும் மேற்பட்டோர் பதிவு செய்தனர். ஆண்டுக்கு 280 பேர் போய், ஒருவரும் திரும்பாவிட்டால், இன்றைய மக்கள்தொகைக்குச் சமமானோர் வெளியேற நாற்பது ஆண்டுகள் போதும். கடல் வந்து சேரும் முன்பே ஊர் காலியாகிவிடலாம்.

நிலக்கரி ஏற்றுமதியில் உலகின் முன்னணியில் நிற்கும் நாடுகளுள் ஒன்று ஆஸ்திரேலியா. புகையை விற்றுக்கொண்டே புகலிடமும் தருவது முழுமையான நீதி ஆகாது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் காலநிலையால் இடம்பெயர்வோருக்குத் தனி இடம் இல்லை. இக்குறையை 2015ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை பிரான்சிஸ் தம் 'லௌதாத்தோ சி' சுற்றுமடலில் சுட்டிக்காட்டினார்.

ஆகவே கேட்க வேண்டியவை இரண்டு. போக விரும்புவோருக்கு மாண்போடு போகும் வழி வேண்டும். இருக்க விரும்புவோருக்கு இருக்கும் உரிமையும் வேண்டும். கரையை உயர்த்தவும், குடிநீரைக் காக்கவும் செல்வ நாடுகள் தரும் பணம் பிச்சை அன்று. அது கடன் தீர்ப்பது. நாடு மறையாது என்று நீதிமன்றம் வழி காட்டிவிட்டது. மக்கள் மறையாதிருக்க வழி செய்வது உலகின் கையில், நம் கையிலும், இருக்கிறது.