எந்தப் பிழைக்குச் சிவப்பு மை?

அக்கா மகன் ஓசூரில் டிப்ளமோ முடித்தவன். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கால் சென்டர் இன்டர்வியூவுக்குப் போய் இரண்டாவது ரவுண்டோடு திரும்பி வந்தான். “எம்.டி.ஐ. அதிகம்னு சொல்லிட்டாங்க மாமா” என்றான். கேட்க ஏதோ வியாதியின் பெயர் போலிருந்தது. ‘மதர் டங் இன்ஃப்ளுயன்ஸ்’ என்பதன் சுருக்கம் அது. பெங்களூருவில் இந்த வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் அன்றாடம் புழங்கும் சொல். தாய்மொழியின் வாடை ஆங்கிலத்தில் அடிக்கிறது என்று அர்த்தம்.

அப்படி என்னதான் பேசினாய் என்று கேட்டேன். எப்போது வந்தாய் என்றதற்கு, ‘யெஸ்டர்டே ஒன்லி ஐ கேம்’. குடும்பத்தைப் பற்றிக் கேட்டதற்கு, ‘ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்’. எப்போது வேலையில் சேரலாம் என்றதற்கு, ‘டுடே இட்செல்ஃப்’.

மூன்றையும் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘நேற்றுதான் வந்தேன்.’ அந்தத் ‘தான்’ இல்லாமல் நமக்கு வாக்கியம் நிற்காது. ஆங்கிலக்காரர் பேச்சில் அந்த வேலையைப் பெரும்பாலும் குரலின் அழுத்தம் பார்த்துக்கொள்கிறது. பையனுக்கு அது தெரியாது. ‘தான்’ நின்ற இடத்தில் ‘ஒன்லி’யைக் கொண்டுவந்து வைத்தான். ‘இன்றைக்கே’யின் ஏகாரத்துக்கு ‘இட்செல்ஃப்’. கன்னடத்திலும் ‘இவத்தே’ என்று இதே ஏகாரம்தான். அதனால் ஓசூர்க்காரரும் ராமநகரக்காரரும் ‘டுடே இட்செல்ஃப்’ என்று பேசிக்கொண்டால் இருவர் காதிலும் எதுவும் உறுத்தாது.

‘ஹேவிங்’ கதை இன்னும் சுவையானது. ‘படிக்கிறான்’ என்ற ஒரே சொல் தினமும் படிப்பதற்கும் இந்த நொடியில் படித்துக்கொண்டிருப்பதற்கும் நமக்குப் போதும். ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு அச்சுகள். உடைமை, அறிதல், புரிதல் போன்ற வினைகள் இரண்டாவது அச்சில் சாதாரணமாக வார்க்கப்படுவதில்லை. நம் பள்ளிகளில் ‘ஈஸ், ஆம், ஆர்’ போட்டு ‘இங்’ சேர் என்பதை வாய்ப்பாடாக ஒப்பிக்கவைக்கிறார்கள். எந்த வினைக்கு அது ஆகாது என்பதைச் சொல்ல நேரம் இருப்பதில்லை. பையன் வாய்ப்பாட்டுக்கு விசுவாசமாக இருந்தான், அவ்வளவுதான். ‘டிஸ்கஸ் அபவுட்’டும் தாய்மொழி வழி வந்ததுதான். ‘அதைப் பற்றி’ என்று பேசிப் பழகிய வாய்க்கு ‘அபவுட்’ இல்லாமல் குறைபடுகிறது. போதாததற்கு ‘டிஸ்கஷன் அபவுட்’ சரி, ‘டிஸ்கஸ் அபவுட்’ தப்பு என்கிறது ஆங்கிலம். இதில் யாருக்குத் தர்க்கம் இல்லை என்று கேட்கத் தோன்றுகிறது.

இவற்றையெல்லாம் சரி என்று நான் வாதாடவில்லை. தேர்வுத் தாளிலும் வழக்குக் கட்டிலும் திருத்தத்தான் வேண்டும். ஆனால் கேட்பவருக்குப் பொருள் கெட்டதா என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே சிவப்பு மையில் சுழிப்பதுதான் நம் கோளாறு.

சில ‘பிழை’கள் பிழையே அல்ல. ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ என்றால் இளசுகள் சிரிக்கிறார்கள். பெங்களூருவில் உட்கார்ந்துகொண்டு அதற்குச் சிரிப்பது வேடிக்கை. 1809-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் படை இங்கே இடம்பெயர்ந்ததில் உருவான கண்டோன்மென்ட்டுக்கு அரசாங்கப் பெயரே பிற்பாடு ‘சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்’. 1881-ல் மைசூர் ராஜ்ஜியத்தை உடையாரிடம் திரும்பக் கொடுத்தபோதும் இந்த ஸ்டேஷனை மட்டும் வெள்ளைக்காரர்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள், 1947-ல்தான் விட்டார்கள். அல்சூர், சிவாஜிநகர் பக்கம் தமிழர்கள் பட்டாளத்தோடும் காண்ட்ராக்ட் வேலைகளோடும் வந்து குடியேறியது அந்த ஸ்டேஷனில்தான். அதை விட்டு வெளியூர் போன அதிகாரி ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’. வெள்ளைக்காரர்கள் விட்டுவிட்டுப் போன சொல்லை நாம் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறோம். படிப்பை முடித்ததைச் சொல்லும் ‘பாஸ்ட் அவுட்’டும் ராணுவப் பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்ததே, அமெரிக்கர் காதில் அது மயங்கி விழுந்ததாகக் கேட்கும். தேதியை முன்னுக்குக் கொண்டுவரும் ‘ப்ரீபோன்’ ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது.

உண்மையில் வினை வைக்கும் சொற்கள் வேறு. ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்று இங்கிருந்து மெயில் போகிறது. நமக்கு அது வகுப்பில் கைதூக்கிக் கேட்கும் சந்தேகம். மறுமுனையில் இருப்பவருக்கு, ‘நீ சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை’. அடுத்தது ‘ரிவர்ட்’. நம் அலுவலகங்களில் அதற்குப் பொருள் பதில் போடு என்பது. சாஃப்ட்வேர்க்காரர்களுக்கோ, செய்த மாற்றத்தை ரத்துசெய்து பழைய நிலைக்குத் திருப்பு என்பது. ‘ப்ளீஸ் ரிவர்ட்’ என்று ஒரு வரி வந்தால் பதில் எழுதுவதா, நாலு நாள் வேலையை அழிப்பதா? இங்கே சிவப்பு மை அவசியம். இலக்கணப்படி இந்த இரண்டு வரிகளிலும் ஒரு குறையும் சொல்ல முடியாது என்பதைக் கவனிக்கவும். அக்கா மகனுக்கு வந்த மெயிலும், தகுந்த வேலை இருந்தால் ‘வி வில் ரிவர்ட் பேக்’ என்றுதான் முடிந்திருந்தது. அனுப்பியவரின் எம்.டி.ஐ.யை யார் அளந்தார்களோ!

எழுத்துப் பிழைக்கு வருவோம். ‘பஞ்சர்’ கடைப் பலகையில் எழுத்துகள் மாறி, குத்துவிடுபவர் என்று பொருள் தரும் சொல் நிற்கும். அடிவாங்கப் பயந்து யாரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடியதில்லை. நம் ஊர், ஆள் பெயர்களுக்கு ஆங்கிலத்தில் நிலையான எழுத்துமுறை ஏது? 2014 நவம்பர் 1 அன்று பெங்களூரு உட்படக் கர்நாடகத்தின் 12 நகரங்களின் ஆங்கிலப் பெயர்கள் மாறின. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி ஆணையிட்டு, கேலி தாங்காமல் சில நாளிலேயே திரும்பப் பெற்றது. எடியூரப்பா 2019-ல் முதல்வராகும் நேரத்தில் தம் பெயரின் ஆங்கில எழுத்துகளை மாற்றிக்கொண்டார். பள்ளிப் பையன் மாற்றினால் அரை மதிப்பெண் போச்சு.

2024-ல் குடகு மாவட்டச் சாலையோரப் பலகை ஒன்றின் படம் சமூக ஊடகங்களில் சுற்றியது. அவசரமே விபத்துக்குக் காரணம் என்ற கன்னட வாசகத்துக்குக் கீழே ஆங்கிலத்தில், ‘அர்ஜென்ட் மேக் ஆன் ஆக்சிடென்ட்’. நாடே சிரித்தது. ஆனால் ‘அப்படி என்னய்யா அர்ஜென்ட்?’ என்று பேசுகிற எந்தத் தமிழருக்கும் அந்தப் பலகை சொல்லவந்தது ஒரே பார்வையில் விளங்கிவிடும்.

இதோடு 2025 ஜூலையில் நடந்ததை ஒப்பிடுங்கள். நம் ‘கன்னடத்துப் பைங்கிளி’ சரோஜாதேவி 14-ம் தேதி பெங்களூருவில் காலமானார். முதல்வர் சித்தராமையா அஞ்சலி செலுத்திய செய்தி கன்னடத்தில் பதிவானது. அதை ஆங்கிலத்தில் பெயர்த்த மெட்டாவின் இயந்திரம், காலமானது முதல்வர்தான் என்று சொல்லிவிட்டது! ‘முதல்வர், நேற்று காலமான நடிகையின் உடலுக்கு’ என்ற வரிசையில் அமையும் வாக்கியம் அது. ‘காலமான’ என்ற பெயரெச்சம் அடுத்து வரும் பெயரோடு சேரும் என்பது கன்னடக் குழந்தைக்கும் தமிழ்க் குழந்தைக்கும் தெரியும். இயந்திரம் அதை முன்னால் நின்ற பெயரோடு ஒட்டிவிட்டது. நாம் நம் வாக்கிய வரிசையை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறோம். இயந்திரமோ ஆங்கில வரிசையை நம் வாக்கியத்துக்குள் கொண்டுவந்தது. அதற்கும் எம்.டி.ஐ. அதிகம்தான். முதல்வர் கண்டித்தார், மெட்டா மன்னிப்புக் கேட்டது. பையனுக்கு மட்டும் இரண்டாவது ரவுண்டோடு கதவு மூடுகிறது.

தென்மாநில ஆசிரியர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் பயிற்சி தருவதற்கென்றே ஒரு மண்டல நிறுவனம் 1963 முதல் பெங்களூருவில் இருக்கிறது. ‘தான்’ எப்படி ‘ஒன்லி’ ஆகிறது என்பதைத் தமிழையும் கன்னடத்தையும் பக்கத்தில் வைத்து ஆறாம் வகுப்பிலேயே விளக்கலாம். ஒரு பாடவேளை போதும். தவறு செய்துவிட்டோமே என்ற கூச்சம் குறைந்தால் பிழையும் குறையும் என்பது என் எண்ணம். ஆள் எடுப்பவர்களும் தங்கள் தாளில் எம்.டி.ஐ. கட்டத்தை அடித்துவிட்டு, ‘சொன்னது புரிந்ததா’ என்று ஒரு கட்டம் போடலாம்.

பையன் இப்போது ஓசூர் சிப்காட்டில் ஒரு ஃபேக்டரியில் இருக்கிறான். ஷிஃப்ட் முடியும்போது ரிப்போர்ட்டை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். போன வாரம் அதைப் போனில் படம் எடுத்து அனுப்பியிருந்தான்: ‘மெஷின் நம்பர் 4 ஸ்டாப் 2.10 டு 2.35. பெல்ட் கட். நியூ பெல்ட் புட். ஸ்டோர்ஸ் ஹேவிங் ஒன் மோர் பெல்ட் ஒன்லி.’ அடுத்த ஷிஃப்ட்காரர் அதைப் படித்துவிட்டு முதல் வேலையாக இரண்டு பெல்ட்டுக்கு ஆர்டர் போட்டிருக்கிறார்.