ஆவடிப் பிள்ளைகளுக்கு ஒரு சுவர் வேண்டும்

ஆவடியில் கேமராவும் கையுமாகக் கிளம்பும் பிள்ளையின் கண்ணில் முதலில் படுவது தடைப்பலகைதான். டாங்கித் தொழிற்சாலை, டாங்கிகளுக்கான ஆய்வு நிறுவனம், விமானப்படை நிலையம், ஓ.சி.எஃப். என்று நாங்கள் சொல்லும் படை உடைத் தொழிற்சாலை என எங்கள் ஊரில் பெரும்பகுதி பாதுகாப்புத் துறையின் மதிலுக்குள் இருக்கிறது. அங்கே படம் எடுக்கக் கூடாது. அது நியாயமான தடை. 1961இல் தொடங்கிய அந்த ஓ.சி.எஃப்.பில் டெய்லராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தத் தடையோடு எனக்கு வழக்கு எதுவும் கிடையாது. மதிலுக்கு வெளியே, பலகையில் எழுதாமலே நம் பிள்ளைகள் மேல் போட்டிருக்கிறோமே, அந்தத் தடைகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கோவில்பதாகையில் எங்கள் வீட்டில் பிளஸ் ஒன் படிக்கும் பேத்தி இருக்கிறாள். அவளுக்குப் படம் எடுக்கப் பிடிக்கும், பாட்டுக் கேட்கப் பிடிக்கும், துணியை வெட்டித் தைத்துப் புதுமாதிரி உடுத்தப் பிடிக்கும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சென்னையைச் சுற்றிப் பார்க்கப் பிடிக்கும். அக்கம்பக்கத்தில் இதைக் கேட்டதும் வரும் பதில் ஒன்றுதான்: “எல்லாம் பிளஸ் டூ முடியட்டும்.” அதற்குப் பிறகு, காலேஜ் முடியட்டும். அதற்குப் பிறகு, கல்யாணம் ஆகட்டும், அவர் கூட்டிக்கொண்டு போவார். நான் பார்த்தவரை அந்த ‘அவர்’ கூட்டிக்கொண்டு போன பெண்கள் குறைவு.

என் மகன் உபயோகித்துவிட்டு அலமாரியில் போட்ட பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராதான் அவள் கையில் இருப்பது. விடிகாலையில் ஏரிக்கரைக்குப் போவோம். பறவைகளைத்தான் எடுப்பாள் என்று நினைத்தேன். நாமக்கோழியும் நீர்க்காகமும் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் அவள் கேமராவைத் திருப்பியது கரையில் எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த பெரியவர் பக்கம். உடனே கிளிக் செய்துவிடவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, எருமைக்கு என்ன பேர், எத்தனை ஈத்து என்று விசாரித்து, “படம் எடுக்கட்டுமா தாத்தா?” என்று கேட்டாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து விறைப்பாக நின்றார். அப்படி ஒன்று எடுத்தாள். பிறகு அவர் மறுபடியும் வேலையில் இறங்கி, தேங்காய் நாரால் எருமையின் கழுத்தைத் தேய்க்கத் தொடங்கும்வரை பொறுத்திருந்தாள். வெயில் ஏறி, ஈர முதுகில் வெளிச்சம் பட்டது. “நகரு தாத்தா, உன் நிழல் விழுது” என்று என்னைத் தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்தாள். அந்த இரண்டாவது படத்தில் அவர் வேறு மனிதராக இருந்தார்.

இந்தப் பொறுமையை எந்தப் பாடப்புத்தகம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது? எங்கள் தொழிற்சாலையில் புதிதாகச் சேரும் பையனுக்கு மெஷினைக் கொடுப்பதற்கு முன்னால், துணியின் நெசவு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கச் சொல்லுவோம். அதைப் பார்க்கத் தெரியாமல் வெட்டினால் சட்டை ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். பார்க்கத் தெரிவதுதான் தொழிலில் முதல் பாதி. இந்தப் பெண் அதைத் தானே கற்றுக்கொண்டிருக்கிறாள், அதுவும் மனிதர்களைப் பார்க்க.

அவள் வழியாகத்தான் எம். பழனிக்குமாரின் பெயர் எனக்குத் தெரிய வந்தது. மதுரைக்குப் பக்கத்தில் ஜவஹர்லால்புரத்தில், மீன் விற்று வீட்டைக் காப்பாற்றிய தாய்க்குப் பிள்ளையாக வளர்ந்தவர். இன்றைக்கு ‘பாரி’ எனப்படும் கிராமப்புற இந்தியாவுக்கான மக்கள் ஆவணக் காப்பகத்தின் புகைப்படக்காரர். மலக்குழியில் இறங்கும் தொழிலாளர்களையும் தன் தாயின் உழைப்பையும் படமாக்கியவர். தயாநிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது 2022இல் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது அதை வாங்கியவர் அவர்தான். அதோடு நிற்காமல், உழைக்கும் வீட்டுப் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்துக் கற்றுத்தருகிறார். பணக்காரர் பொழுதுபோக்கு என்று புகைப்படத்தை ஒதுக்குகிறவர்கள் அவருடைய படங்களை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

துணி விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. போன பொங்கலுக்குப் பேத்தி ஒரு கார்கோ பேண்ட் வாங்கி வந்தாள். தொடையின் இரண்டு பக்கமும் மூடி வைத்த பெரிய பை. “இது என்னடா வேஷம்” என்று அவள் அப்பா சத்தம் போட்டான். நான் பேண்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். பையின் நடுவில் பாக்ஸ் ப்ளீட், மூடியின் இரண்டு முனையிலும் பார்டாக். பாதி வாழ்க்கை நான் தைத்த பை! 1938 வாக்கில் பிரிட்டிஷ் படைச் சீருடையில் வந்த பை அது. உட்கார்ந்திருக்கும்போதும் குனியும்போதும் இடுப்புப் பையில் கை நுழையாது, தொடைப் பையில் நுழையும். அதற்காகத்தான் அதை அங்கே வைத்தார்கள். இதைச் சொன்னதும் அவள் கண் விரிந்தது. அன்று ராத்திரி வெகுநேரம் மெஷினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

இப்போது அவள் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையில் ஒரு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருக்கிறாள், குளிருக்குப் போடுகிற மாதிரி. கையில் காஜா எடுக்க நான் கற்றுக்கொடுத்தேன். முதலில் எடுத்த காஜா வாய் பிளந்து நின்றது. துணியைக் கிழிப்பதற்கு முன்னால் ஓரத்தில் ஓட்டுத்தையல் போட்டுக்கொள், நூலை ஒவ்வொரு குத்துக்கும் ஒரே அளவு இழு, முடிச்சு வெட்டின ஓரத்தின் மேலேயே உட்கார வேண்டும் என்று சொன்னேன். பிரித்துப் பிரித்துப் போட்டாள். நாலைந்து சட்டை வாங்குகிற காசை மிச்சம் பிடிக்கிறாள் என்பதற்காக நான் சொல்லவில்லை. உடம்பில் ஏறும் துணி எப்படி உருவாகிறது என்று தெரிந்து உடுத்துகிறவள் கடைக்காரன் பேச்சில் ஏமாற மாட்டாள். ஃபேஷன் என்றாலே ‘கெட்டுப்போகிற வழி’ என்று ஏன் நினைக்கிறோம்? ஆவடி ஸ்டேஷனில் முடிக்குச் சாயம் அடித்து நிற்கும் பையனைப் பார்த்ததும் ‘புள்ளிங்கோ’ என்று முத்திரை குத்தி, படிப்பு வராதவன், திருட்டுப் பையன் என்று முடிவு கட்டிவிடுகிறோம். சம்பளம் வாங்குகிறவன் அதே சாயத்தை ஒரு பெரிய சலூனில் அடித்தால் ஸ்டைல் என்கிறோம். இது அநியாயம்.

பாட்டிலும் இந்தக் கண்ணோட்டம்தான். கானா என்றால் சாவு வீட்டுப் பாட்டு, சேரிப் பாட்டு என்று காதை மூடிக்கொண்ட வீடுகளை எனக்குத் தெரியும். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு மேடை ஏறியது. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் அமைப்பும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 19 பேர் குழு; கானா, ராப், பறை, ராக் எல்லாம் ஒரே மேடையில். அந்தக் குழுவில் பாடிய ராயபுரத்துப் பெண் இசைவாணி, ஆண்களுடையது என்றே இருந்த கானாவைப் பாடி, 2020இல் பி.பி.சி.யின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அதே குழுவில் இருந்த அறிவு, எங்கள் ரயில் தடத்தில் மேற்கே இருக்கும் அரக்கோணத்துக்காரர். 2021 மார்ச்சில் வந்த அவருடைய ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாட்டு உலகமெல்லாம் போனது. பேத்திக்கு இதில் இருக்கும் பெருமை சொல்லி மாளாது. “நம்ம லைன் தாத்தா” என்பாள். தான் ஏறும் மின்சார ரயில் தடத்தில் இருந்து ஒருவர் கிளம்பி அங்கே போய்ச் சேர்ந்தார் என்பது பதினாறு வயதுக்குப் பெரிய செய்தி.

ஆனால் அந்தத் தடத்தில் ஏறி எங்கே போவது என்பதில்தான் சிக்கல். கோவில்பதாகையிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஆவடி ஸ்டேஷன். அங்கிருந்து அண்ணனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர், பட்டரவாக்கம், கொரட்டூர், வில்லிவாக்கம் என்று நின்று நின்று சென்ட்ரல். அதற்கப்புறம்தான் அவள் தேடும் சென்னை ஆரம்பிக்கிறது. திரைப்படக் கல்லூரி தரமணியில், ஆடை வடிவமைப்புக்கான நிஃப்ட் தரமணியில், கலாக்ஷேத்ரா திருவான்மியூரில், சபாக்கள் மயிலாப்பூரில், அண்ணா நூற்றாண்டு நூலகம் கோட்டூர்புரத்தில். கலை என்று எழுதிய பலகை எல்லாம் தெற்கே பார்த்துத்தான் நிற்கிறது. எங்களுக்கு அருகில் என்றால், சென்ட்ரலுக்குப் பக்கத்தில் பெரியமேட்டில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரிதான். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. அந்தக் காலத்திலேயே அங்கே புகைப்படம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதன் சிவப்புக் கட்டடத்துக்கு வெளியே நாங்கள் நின்றபோது, லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி 1858இல் மதுரையையும் தஞ்சாவூரையும் படம் பிடித்த கதையைப் பேத்திதான் எனக்குச் சொன்னாள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, 19 அடி நீளத்துக்குக் கொண்டுவந்தாராம். ராணுவ உடை தைத்தவனுக்கு இது தெரியாமல் இருந்திருக்கிறதே என்று இருந்தது.

போகும் வழியில் ரயிலில் மல்லிகை தொடுத்துக்கொண்டே வரும் அம்மாக்களைப் படம் எடுப்பாள். எடுத்ததைக் காட்டுவாள். “என்னம்மா, முகம் கருப்பா வந்துருக்கு” என்று ஒருவர் குறைபட்டால் இடம் மாறி உட்கார்ந்து மறுபடி எடுப்பாள். வாட்ஸ்அப்பில் அனுப்பியும் வைப்பாள். ரயிலில் யாரும் எங்களைத் தடுத்ததில்லை. ஒரு பூங்காவில்தான் காவலாளி ஓடிவந்து, “பெரிய கேமராவுக்குப் பர்மிஷன் இருக்கா?” என்று மறித்தார். சுற்றிலும் அத்தனை பேர் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்குச் சொன்னதை அவர் செய்கிறார். கல்யாணத்துக்கு முன்னால் போட்டோ ஷூட் எடுக்க வருகிறவர்களை மனதில் வைத்துப் போட்ட விதியை ஒரு பள்ளிக்கூடப் பெண்மேல் பாய்ச்சலாமா?

நேரத்தடை இன்னொன்று. பொழுது சாய்வதற்கு முன்னால் வரும் பொன்வெயில்தான் படத்துக்கு நல்ல வெளிச்சம் என்பாள். அந்த நேரத்தில்தான் வீட்டிலிருந்து போன் வரும்: “கிளம்பிட்டீங்களா?” பையனுக்கு அந்த போன் வருவதில்லை. கூட தாத்தா இருக்கிற பெண்ணுக்கே இப்படி என்றால், கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லாத பெண்கள் சென்னையில் பிறந்தும் சென்னையைப் பார்க்காமலே இருபது வயதைத் தாண்டிவிடுகிறார்கள்.

பெற்றோர் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. போனை எடுத்தால் கீழே வைக்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். ரீல்ஸுக்காக ரயில் படியில் தொங்குவதும், தெரியாதவர்களைப் படம் எடுத்துக் கேலி செய்வதும் தப்புதான். அதைக் கண்டித்தே ஆக வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆளும், செய்ததைக் காட்ட ஓர் இடமும் கொடுத்துப் பார்த்தோமா? ஓர் ஏரிக்கரையில் எருமைக்காரரிடம் அனுமதி கேட்டுப் படம் எடுத்துப் பழகியவள் நாளைக்கு யாரையும் ஒளிந்து நின்று எடுக்க மாட்டாள். மார்க் குறையும் என்றால், ஞாயிற்றுக்கிழமை காலையில் குறைகிற மார்க் டி.வி. முன்னால் உட்கார்ந்தாலும் குறையத்தான் போகிறது.

எங்கள் பக்கத்தில் எதுவுமே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். 2019இல் ஆவடி மாநகராட்சி ஆனது. அதே ஆண்டு பருத்திப்பட்டு ஏரியில் பசுமைப் பூங்கா திறந்தார்கள். சாயங்காலம் நடக்க இடமில்லாமல் இருந்த ஊருக்கு அது பெரிய வரம். 2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா திறந்தது. அதே மாதம், ரயிலில் சில ஸ்டேஷன் தள்ளி, கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் திறந்தது; படிக்கவும் கணினியில் வேலை செய்யவும் இடம். வேலையும் படிப்பும் மேற்கே வந்துவிட்டன. 2011 கணக்கெடுப்பிலேயே 3.45 லட்சம் பேர் இருந்த ஊர் இது. இத்தனை பேர் வீட்டுப் பிள்ளைகள் எடுத்த படத்தை மாட்ட ஒரு பொதுச் சுவர் வேண்டாமா?

கட்டடம் கட்டச் சொல்லவில்லை. சென்னை போட்டோ பினாலே 2016இல் தொடங்கியபோது, திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்திலேயே படங்களை மாட்டி வைத்தார்கள். டிக்கெட் எடுக்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். திருவான்மியூருக்கு முடிந்தது ஆவடி ஸ்டேஷனுக்கு முடியாதா? ரயில்வே ஒரு நடைமேடைச் சுவரைக் கொடுக்கட்டும். கல்யாணம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் சமுதாய நலக்கூடம் ஒன்றை மாநகராட்சி காலையில் பிள்ளைகளுக்குத் திறந்துவிடட்டும். இரண்டு தையல் மெஷின், ஒரு ஒலிபெருக்கி, நாலு கேமரா போதும். பூங்காவில் பள்ளி அடையாள அட்டையோடு வருகிற பிள்ளையிடம் கேமராவுக்குக் காசும் அனுமதியும் கேட்காமல் இருந்தால் போதும்.

ஆவடியில் என்னைப்போல ஓய்வு பெற்ற டெய்லர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். கல்யாண வீட்டில் வாசித்து வயதான வாத்தியக்காரர்களும், ஸ்டுடியோவை மூடிவிட்ட போட்டோகிராபர்களும் இருக்கிறார்கள். கேட்டால் வருவார்கள். மாநகராட்சி கதவைத் திறந்தால், கட்டிங்கும் காஜாவும் சொல்லிக்கொடுக்க நான் வருகிறேன். சம்பளம் வேண்டாம்.