மோட்டாருக்குத் தனி மின்சாரம்

வடசென்னையில் டோல்கேட் மெட்ரோ நிலையம் 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அங்கே நின்று தண்டவாளத்துக்கு மேலே பாருங்கள். ஒரு கம்பி தெரியும். அதன் மின்னழுத்தம் 25,000 வோல்ட். ரயிலின் மோட்டார்களுக்குத் தீனி அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அந்த மோட்டார்களுக்கு ஆணையிடும் மின்னணுக் கருவிகளோ, பாட்டரியின் துணையுள்ள குறைந்த அழுத்த மின்சாரத்தில் தனியே இயங்குகின்றன.

பள்ளிக் கண்காட்சிக்கு ஆர்டினோ பலகையை வைத்து நீங்கள் செய்யும் சிறு வண்டிக்கும் இதே ஏற்பாடு வேண்டும். ஆர்டினோவின் 5 வோல்ட் முனையிலிருந்தே மோட்டாரையும் ஓட்டிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது வேண்டாம் என்பேன்.

ஏன் தெரியுமா? ஓடும் மோட்டார் தானே ஒரு ஜெனரேட்டராகி எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது; அதனால் மின்னோட்டம் கட்டுக்குள் இருக்கும். நின்றிருக்கும் மோட்டாரில் அந்த எதிர்ப்பு கிடையாது. ஆகவே புறப்படும் கணத்திலும், சக்கரம் சிக்கிக்கொள்ளும்போதும், அது பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். 5 வோல்ட் சரியும். மைக்ரோகண்ட்ரோலர் மயங்கி முதலிலிருந்து தொடங்கும். நீங்களோ புரோகிராமில் பிழை தேடிக்கொண்டிருப்பீர்கள்! கணினியின் யுஎஸ்பி முனையைப் பொறுத்தவரை 500 மில்லி ஆம்பியரே பொதுவான வரம்பு என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆகவே மோட்டார் டிரைவர் பலகைக்குத் தனி பாட்டரி கொடுங்கள். எல்298 சிப் உள்ள பலகையானால் அதுவே ஏறக்குறைய 2 வோல்ட்டை விழுங்கிவிடும். 6 வோல்ட் மோட்டாருக்கு 8 வோல்ட் தேவை. கையடக்கமான 9 வோல்ட் சதுர பாட்டரி இதற்கு உதவாது. அதன் உள்மின்தடை அதிகம். டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குத்தான் அது பொருத்தம்.

தனி என்றால் முற்றிலும் தனியா? இங்கேதான் பலர் இடறுகிறார்கள். மின்னழுத்தம் என்பது இரு புள்ளிகளுக்கு இடையிலான வேறுபாடு. ஆர்டினோ "5 வோல்ட்" என்று அனுப்பும் ஆணையை டிரைவர் பலகை எதிலிருந்து அளக்கும்? இரண்டுக்கும் பொதுவான ஒரு தரைமுனை வேண்டாமா? எனவே பாட்டரியின் எதிர்முனையையும் ஆர்டினோவின் தரைமுனையையும் ஒரு கம்பியால் இணையுங்கள். நேர்முனைகளை மட்டும் சேர்க்காதீர்கள்.

பள்ளிகளில் புரோகிராம் எழுதக் கற்பிக்கும் முன் மல்ட்டிமீட்டர் பிடிக்கக் கற்பிக்க வேண்டும் என்பது என் கட்சி. லித்தியம் பாட்டரியின் இரு முனைகளும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் தீப்பற்றக்கூடும். அதற்குப் பாதுகாப்பாக, நேர்முனைக் கம்பியில் பாட்டரிக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸ் போடுங்கள். அதன் விலை சில ரூபாய்தான். முதன்முதலாக சுவிட்சைப் போடும்போது வண்டியின் சக்கரங்கள் மேசையைத் தொடாமல் தூக்கி வைத்திருங்கள்.