கைதட்டும் கரங்களும் கதவடைக்கும் கரங்களும்

மீளுதல் என்பது யாது என்பதைப் பளைக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1990இல் வடக்கே வருவதை நிறுத்திக்கொண்ட யாழ்தேவி, இருபத்துநான்கு ஆண்டுகளின் பின், 2014 மார்ச் 4ஆம் திகதி பளை நிலையத்தை மீண்டும் வந்தடைந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை சேவை நீளும்வரை, வடக்கு நோக்கிய பயணத்தின் இறுதி நிலையமாகப் பளையே விளங்கிற்று. புகையிரதம் மாத்திரமன்றி மனிதரும் மீண்டனர். தென்னைகள் தலையிழந்தும் வீடுகள் கூரையிழந்தும் நின்ற நிலத்துக்குத் திரும்பிவந்து, மறுபடியும் கன்று நாட்டியவர்கள் இப்பிரதேச மக்கள். ஆகவே, விளையாட்டுக் களத்தை விட்டு விலகிய ஒருவர் வயதையும் காலத்தையும் எதிர்த்து மீண்டும் களமிறங்கும்போது, அதன் பொருளை மற்றெவரினும் ஆழமாக உணரும் தகுதி பளை இரசிகனுக்கு உண்டென எதிர்பார்ப்பதில் தவறில்லை. அவன் உண்மையில் உணர்கிறானா என்பதே கேள்வி.

இக்கேள்வியை எழுப்புபவர் தர்ஜினி சிவலிங்கம். யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவனில் 1979இல் பிறந்த இவர் 208 சென்றிமீற்றர் உயரமுடையவர். 2009இல் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை வலைப்பந்தாட்ட அணியில் இடம்பெற்றவர்; அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் கழக மட்டத்தில் விளையாடியவர். தேசிய அணியிலிருந்து சில காலம் விலகியிருந்த பின்னர், 2018இல் தமது முப்பத்தொன்பதாவது வயதில் மீண்டும் அழைக்கப்பட்டார். சிங்கப்பூரில் நடைபெற்ற அவ்வாண்டின் ஆசியச் சுற்றுப்போட்டியில், இறுதியாட்டத்தில் சிங்கப்பூரை 69 - 50 என வீழ்த்தி, ஒன்பது ஆண்டுகளின் பின் இலங்கை கிண்ணத்தைக் கைப்பற்றியது. மறு ஆண்டு லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் இலங்கை பதினைந்தாம் இடத்தையே பெற்றது. ஆயினும் அச்சுற்றுப்போட்டியில் மிக அதிகமான கோல்களை இட்டவர், முன்னணி நாடுகளின் வீராங்கனை எவருமல்லர், தர்ஜினியே.

உயரம் இருந்தால் எவரும் இதைச் செய்யலாமே என்று இலகுவாகக் கூறிவிடுவோர் உளர். வலைப்பந்தாட்டத்தின் விதிகளை அறியாதார் கூற்று அது. வளையம் நிலத்திலிருந்து 3.05 மீற்றர் உயரத்தில் உள்ளது. பந்தைப் பெற்றவர் அதனை மூன்று விநாடிகளுக்கு மேல் வைத்திருத்தலாகாது. அதனுடன் ஓடுதலும் ஆகாது. எதிரணியினரின் கைகள் முகத்துக்கு முன்னே நீண்டிருக்க, அந்த மூன்று விநாடிகளுக்குள் நிலைகொண்டு, குறிபார்த்து, பந்தைச் செலுத்த வேண்டும். இதனை ஒருமுறையன்று, ஓர் ஆட்டத்தில் பல பத்து முறை தவறாது செய்வதற்கு வேண்டியது உயரம் மட்டுமன்று. ஆண்டுக்கணக்கான பயிற்சியும், கலங்காத உள்ளமும், பயிற்சிக்கு ஓரிடமும் நேரமுமாகும். இறுதியிற் கூறப்பட்ட இவ்விரண்டையும் பற்றியே இங்கு விவாதம் எழுகிறது.

2022 செப்டெம்பர் 11ஆம் திகதியை நினைவுகூர்தல் பொருத்தமாகும். எரிபொருள் நெருக்கடியாலும் விலைவாசியாலும் நாடு நொந்திருந்த காலம் அது. அன்று டுபாயில் இலங்கைக் கிரிக்கெட் அணி பாக்கிஸ்தானை 23 ஓட்டங்களால் வென்று ஆசியக் கிண்ணத்தைப் பெற்றது. அதே நாளில் சிங்கப்பூரில் வலைப்பந்தாட்ட அணி, சிங்கப்பூரை 63 - 53 என வென்று ஆறாவது தடவையாக ஆசிய வாகையரானது. நாற்பத்துமூன்று வயதிலே மீண்டும் அணிக்குத் திரும்பிய தர்ஜினி அவ்வெற்றியின் தூணாக நின்றார். இரு அணிகளும் கட்டுநாயக்காவிலிருந்து கொழும்புக்கு ஊர்வலமாக அழைத்துவரப்பட்டன. ஆனால் தேநீர்க்கடைகளிலும் வாசிகசாலைத் திண்ணைகளிலும் அன்றிரவு பேசப்பட்டது எந்த ஆட்டம்? ஒவ்வொரு பந்தாகப் பின்தொடரப்பட்டது எது? மறுநாட் காலை கைத்தொலைபேசியில் ஒரு படமாக மட்டும் வந்துசேர்ந்தது எது? விடையை எல்லோரும் அறிவர். பளையும் இதற்கு விலக்கன்று.

படத்தைக் கண்டதும் இரசிகன் விழித்துக்கொள்கிறான். “எங்கட பிள்ளை” என்கிறான். பெயரிலே தமிழ் இருப்பதைக் கண்டு நெஞ்சை நிமிர்த்துகிறான். கொழும்பு புறக்கணித்துவிட்டது என்று கோபிக்கிறான். அக்கோபத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அவனிடம் சில வினாக்கள் கேட்கப்பட வேண்டும். 2018க்கும் 2022க்கும் இடைப்பட்ட காலத்தில் அவர் எங்கே விளையாடினார் என அவன் தேடியதுண்டா? அவருடன் நின்ற ஏனைய ஆறு பேரில் ஒருவரது பெயரையேனும் அவன் அறிவானா? தன் ஊர்ப் பாடசாலையின் வலைப்பந்தாட்ட அணி கோட்டமட்டப் போட்டிக்குச் சென்ற நாளில், வேலியோரம் நின்றேனும் அதனைப் பார்த்தானா? எல்லாவற்றுக்கும் மேலாக, அவனுடைய தங்கை இப்பொழுது விளையாடுகிறாளா?

இந்த இறுதி வினாவிற்றான் போலித்தனம் வெளிப்படுகிறது. தங்கை விளையாடினாள். பாடசாலையிலே நன்றாகவே விளையாடினாள். க.பொ.த. சாதாரண தரம் நெருங்கியதும் “இனிப் படிப்பைப் பார்” என்று நிறுத்தப்பட்டாள். அதே வகுப்பில் அதே பரீட்சைக்குத் தோற்றும் தம்பி, தனியார் வகுப்பு முடிந்து மாலை ஐந்து மணிக்கு உதைபந்தாட்ட மைதானத்துக்குப் போவதை எவரும் தடுப்பதில்லை. பரீட்சை முடிந்த பின்னரும் அவளுக்குப் பந்து திரும்பக் கொடுக்கப்படுவதில்லை. பின்பு திருமணம், அதன்பின் குழந்தை, அதன்பின் விளையாட்டு என்ற சொல்லே அவளுக்குரியதன்று. நாற்பத்துமூன்று வயதுப் பெண்ணொருத்தி ஆசியாவை வென்றதைக் கண்டு கைதட்டும் கரம், பதினாறு வயதுப் பெண்ணொருத்திக்குப் படலையைச் சாத்துகிறது. இவ்விரு கரங்களும் ஓருடலிலே இருப்பதுதான் வியப்பு.

அவளுக்கு விளையாட்டே மறுக்கப்படவில்லையே எனச் சிலர் சொல்லக்கூடும். உண்மை, சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழா இருக்கிறது. அதிலே ஆண்களுக்கு ஓட்டமும் உதைபந்தாட்டமும் துவிச்சக்கரவண்டி ஓட்டமும் வழங்கப்படும். பெண்களுக்கோ சங்கீதக் கதிரையும் தேங்காய் துருவுதலும். தென்னைக்குப் பேர்போன பளையிலே, ஒவ்வொரு நாட்காலையும் அடுப்படியில் நிரூபித்துவரும் திறமையை ஆண்டுக்கொருமுறை மைதானத்தில் நிரூபித்துப் பிளாஸ்ரிக் வாளி பெற்றுச் செல்லுமாறு பெண் அழைக்கப்படுகிறாள். இது விளையாட்டன்று. அடுப்படியை மைதானத்துக்குப் பெயர்த்து வைக்கும் வேலை.

தடைக்குக் கூறப்படும் நியாயங்கள் மூன்று. முதலாவது பண்பாடு. அரைப்பாவாடை அணிந்து வெயிலிலே பலர் முன் ஓடுதல் பெண்ணுக்குத் தகாது என்பர். பளைக்கு வடக்கே சில மைல் தொலைவிலுள்ள முகமாலையை இவர்கள் அறியாதவரல்லர். போரின் முன்னரங்காக விளங்கிய அம்மண்ணிலே, நண்பகல் வெயிலில், கனத்த கவசமணிந்து முழந்தாளிட்டு, சாண் சாணாக நிலத்தைக் கிளறிக் கண்ணிவெடி அகற்றியோருட் பெண்கள் பலர். குடும்பத்தைத் தனித்துத் தாங்கும் பெண்களும் அவர்களுள் அடங்குவர். உயிரைப் பணயம் வைத்து அவள் வெயிலில் வேலை செய்தபோது பண்பாடு மௌனமாயிருந்தது. சம்பளப்பணம் வீட்டுக்கு வந்தபோதும் மௌனமாயிருந்தது. பந்தைக் கையிலெடுக்கும்போது மாத்திரம் அதற்கு வாய் முளைப்பானேன்? பெண்ணின் உழைப்பை ஏற்றுக்கொண்டு அவளது மகிழ்ச்சியை மறுக்கும் ஒழுங்குக்குப் பண்பாடு என்பது பெயரன்று. சுரண்டல் என்பதே பெயர்.

இரண்டாவது பாதுகாப்பு. மாலை மங்கியபின் பெண்பிள்ளை தனியே வீடு திரும்புவது எவ்வாறு எனத் தகப்பன் அஞ்சுகிறான். அவ்வச்சம் பொய்யன்று, அதனை எள்ளிநகையாடுதல் முறையன்று. ஆனால் வீதியை அஞ்சத்தக்கதாக்கியது யார்? மதகிலே குந்தியிருந்து போகும் பெண்ணை நோக்கிச் சொல்லெறிபவனும், இரவிலே தர்ஜினியின் படத்தைப் பெருமிதத்துடன் பகிர்பவனும் பல வேளைகளில் ஒருவனே. தான் எழுந்து சென்றால் நீங்கக்கூடிய ஆபத்தைக் காரணங்காட்டித் தன் தங்கையை வீட்டிலிருத்துபவன் காவலன் ஆகான்.

மூன்றாவது வறுமை. உண்ண வழியற்ற இடத்தில் விளையாட்டு எதற்கு என்பர். வலைப்பந்தாட்ட அரங்கு 30.5 மீற்றர் நீளமும் 15.25 மீற்றர் அகலமும் கொண்டது. இரண்டு கம்பங்கள், இரண்டு வளையங்கள், ஒரு பந்து. ஆண்களின் கழகமொன்று தன் சுற்றுப்போட்டிக்கு ஒலிபெருக்கிக்கும் பந்தலுக்கும் செலவிடும் தொகையில் இவை அமைந்துவிடும். குறைவாயிருப்பது பணமன்று, மனமே.

இனி, மீள்வருகை என்பதன் இயல்பையும் சற்று ஆராய்தல் வேண்டும். அதனைத் தனியொருவரின் மனவுறுதிக் கதையாகவே இரசிகர்கள் சொல்லிப் பழகிவிட்டனர். ரென்னிஸ் உலகம் வேறொரு பாடத்தைத் தருகிறது. 1996இல் ஓய்வுபெற்ற ஜப்பானிய வீராங்கனை கிமிக்கோ டாற்றே 2008இல் திரும்பினார்; 2009இல் சியோலில், முப்பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு முதல்நாள், பட்டம் வென்றார். பெல்ஜியத்தின் கிம் கிளைஸ்ரர்ஸ் 2007இல் விலகித் தாயாகி, 2009இல் அமெரிக்கப் பகிரங்கப் பட்டத்தைக் கைப்பற்றினார். வீனஸ் வில்லியம்ஸ் 2025 ஜூலையில், நாற்பத்தைந்து வயதில், வாஷிங்டனில் ஒற்றையர் ஆட்டமொன்றை வென்றார். இவர்களது உறுதி போற்றத்தக்கதே. ஆயினும் திரும்பி வருவதற்கு ஓரிடம் அவர்களுக்காகத் திறந்திருந்தது என்பதையும் மறத்தலாகாது. தரவரிசையில் இடமில்லாதவருக்கும் சிறப்பு அனுமதி வழங்கும் முறை அங்கே உண்டு. வீனஸ் வாஷிங்டனில் ஆடியதும் அதனாலேயே.

இதனினும் முக்கியமானது 2018இன் நிகழ்வு. மகப்பேற்றின் பின் திரும்பிய செரீனா வில்லியம்ஸ் 453ஆம் தரத்துக்குத் தள்ளப்பட்டு, பிரெஞ்சுப் பகிரங்கப் போட்டியில் முன்னிலைத் தரப்படுத்தலின்றி ஆட நேர்ந்தது. தாயானதற்காக ஒருத்தியைத் தண்டிப்பது நீதியா என்ற கேள்வி வீராங்கனைகளிடமிருந்தும் இரசிகர்களிடமிருந்தும் எழுந்தது. விம்பிள்டன் நிர்வாகம் அவரை 25ஆம் இடத்தில் தரப்படுத்தியது. அவர் இறுதியாட்டம் வரை முன்னேறினார். அடுத்த பருவகாலத்துக்கு மகளிர் ரென்னிஸ் சங்கம் விதியையே மாற்றியது: குழந்தை பிறந்து மூன்று ஆண்டுகள் வரை, தாயான வீராங்கனை தனது பழைய தரத்தின் பாதுகாப்புடன் திரும்பலாம் என்றாயிற்று. ஆக, கைதட்டுதலோடு நின்றுவிடாது கேள்வி கேட்டபோது இரசிகனின் குரலும் விதியை அசைத்த குரல்களில் ஒன்றாயிற்று. இரசிகன் என்ற சொல்லுக்கு அங்கேதான் பொருள் பிறக்கிறது.

தர்ஜினிக்கும் ஓரிடம் திறந்தேயிருந்தது. ஆனால் அது மெல்பேணில் இருந்தது. முப்பதுக்கு மேலும் நாற்பதுக்கு மேலும் ஒரு பெண் வாரந்தோறும் விளையாடுவதை இயல்பாகக் கொள்ளும் கழகங்கள் அங்கு உள்ளன. அவர் பளையிலோ பரந்தனிலோ இருந்து, இருபத்தைந்து வயதில் பந்தைக் கீழே வைத்திருந்தால், முப்பத்தொன்பதில் எங்கிருந்து திரும்பியிருப்பார்? எந்தக் கழகம் அவரை வைத்திருக்கும்? எந்த மாலையில் எந்த மைதானம் அவருக்குக் கிடைத்திருக்கும்? நாற்பத்துநான்கு வயதில், 2023இல், கேப்டவுன் உலகக் கிண்ணம் வரை சென்ற அவரது பயணத்தைப் போற்றும் ஊர், அத்தகைய பயணம் தன் மண்ணில் ஒருபோதும் தொடங்காதவாறும் பார்த்துக்கொள்கிறது.

பல்கலைக்கழகத்திலே பெண்ணுரிமை பற்றிக் கருத்தரங்கு நடத்தி, விடுமுறைக்கு ஊர் சென்றதும் கழகக் கூட்டத்தில் வாய்மூடி அமர்ந்திருக்கும் இளைஞர்களும் இக்குற்றத்தினின்று நீங்கியவரல்லர். அவர்கள் செய்யவேண்டியது பெரிதன்று. ஊர் மைதானம் வாரத்தில் இரண்டு மாலைகளேனும் பெண்களுக்குரியது எனக் கழக யாப்பிலே எழுதப்படட்டும். பாடசாலையை விட்டு விலகியோருக்கும் திருமணமானோருக்கும் ஓர் அணி அமைக்கப்படட்டும். புத்தாண்டு விழாவிலே தேங்காய் துருவுதலுக்குப் பதிலாக வலைப்பந்தாட்டம் இடம்பெறட்டும்; விரும்பினால் துருவலை ஆண்களுக்கு வழங்கலாம். ஆட்டம் முடிந்ததும் வீதியிலே வெளிச்சம் இருக்கட்டும், மதகு வெறுமையாயிருக்கட்டும்.

இருபத்துநான்கு ஆண்டுகள் புகையிரதம் வராதிருந்தும், அது மீண்டும் வரமுடிந்தமைக்குக் காரணம் உண்டு. பிடுங்கப்பட்ட தண்டவாளம் மறுபடி இடப்பட்டது. நிலையம் மறுபடி எழுப்பப்பட்டது. பாதையில்லாமல் எதுவும் மீள்வதில்லை. தர்ஜினியின் மீள்வருகைக்குக் கைதட்டியவர்கள், தங்கள் வீட்டுப் பெண்ணுக்கு அந்தப் பாதையை இட்டுக் கொடுக்கட்டும். அதுவரை அவர்களது கைதட்டல் வெறும் ஓசையே.